நடு ஆற்றில் நின்ற படகு

எங்கள் சந்தன்நகரில் எல்லாமே கட்டிலில்தான் நடக்கும். கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படிப்போம், பொரி கொறிப்போம், விருந்தாளி வந்தால் நகர்ந்து இடம் கொடுப்போம். கங்கைக் கரையில் குளிர்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் புகுந்தவர்களை வெளியே இழுக்கச் சோற்றுத் தட்டுதான் வர வேண்டும்.

தோர்ஷா வீட்டுப் பழைய மடிக்கணினியும் அப்படித்தான் செல்லமாக வளர்ந்தது. வந்த நாளிலிருந்து அதற்குக் கட்டில்தான் இடம், ரஜாய்தான் மெத்தை. ஆற்றுப் பனி உள்ளே இறங்கிவிடும் என்று அம்மா ஒரு சால்வை வேறு போர்த்தியிருந்தாள். சளி பிடித்த மாமா மாதிரி முகம் மட்டும் வெளியே தெரியும்.

தோர்ஷாவுக்குப் பதினொரு வயது. அவள் தம்பி டுட்டுனுக்கு ஆறு. திங்கட்கிழமை அவன் அக்கரைப் பள்ளியில் சேர வேண்டும். தினமும் லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். மாட்டவே மாட்டேன் என்றான் அவன். படித்துறையை விட்டுக் கிளம்பும் லாஞ்ச் கொஞ்ச தூரத்தில் மூடுபனிக்குள் மறைந்துவிடுகிறதே, அது அக்கரை போய்ச் சேர்ந்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டான். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

பாபா, அதாவது அப்பா, அதட்டிப் பார்த்தார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தோர்ஷா வரைய உட்கார்ந்தாள்.

நீல ஆறு, வெள்ளைப் பனி. அட்டையில் வெட்டிய ஒரு குட்டிப் படகு. அதில் குரங்குக் குல்லா போட்ட டுட்டுன். படகைக் கொஞ்சம் நகர்த்துவாள், அம்மாவின் போனில் படம் பிடிப்பாள், மறுபடி நகர்த்துவாள். எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஏற்றிக் கோத்ததும், அடடா, படகு தானாகவே போயிற்று! பனி விலகி வழிவிட்டது. வெள்ளி மீன்கள் பின்னாலேயே வந்தன. டுட்டுன் கண் கொட்டாமல் பார்த்தான். கூப்பிட்டால்கூட அவன் காதில் விழாது போலிருந்தது.

நடு ஆற்றில் படகு நின்றுவிட்டது.

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் திரை அசையவில்லை. உள்ளே மின்விசிறி மட்டும் கரகரவென்று இரைந்தது.

"பாத்தியா தீதி? நடுவுல நின்னுடும்னு நான் சொன்னேன்ல?" என்று அக்காவிடம் கேட்டான் டுட்டுன். அவன் உதடு பிதுங்கியது.

தோர்ஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தைப் போக்கப் போய் அதைப் பெரிதாக்கிவிட்டோமே! மடிக்கணினியை அணைத்து மறுபடி போட்டாள். படகு மறுபடியும் நடு ஆற்றில் நின்றது.

பாபா எட்டிப் பார்த்து, அதற்கு வயதாகிவிட்டது, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்றார். அம்மாவோ குளிர் தாக்கிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டாள். நமக்கே கைகால் ஓடவில்லை, அது மட்டும் எப்படி ஓடும் என்று இன்னொரு சால்வையைக் கொண்டுவந்து சுற்றினாள்.

இந்த முறை படகு நடு ஆறுவரைகூட வரவில்லை.

போர்த்தப் போர்த்தச் சீக்கிரம் நிற்கிறதே என்று தோர்ஷா யோசித்தாள். அதற்குள் டுட்டுன், கை குளிர்கிறதென்று மடிக்கணினிக்கு அடியில் விரல்களை நுழைத்தான். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"தீதி, இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது."

தோர்ஷா ஒரு மூலையைத் தூக்கினாள். பக்கவாட்டுத் துவாரத்திலிருந்து சுடச்சுடக் காற்று அவள் மணிக்கட்டில் வீசியது. கீழே வைத்தாள், காற்று நின்றது. மறுபடி தூக்கினாள், வீசியது.

தலையோடு காலாக ரஜாயை இழுத்துப் போர்த்தினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"அம்மா, இதுக்குக் குளிரலே. மூச்சு முட்டுது," என்றாள்.

மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, சால்வைகளை உருவிவிட்டு, மடிக்கணினியை அணைத்து, ஜன்னல் திட்டில் ஆற வைத்தாள். அம்மாவும் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். வெளியே பனி மெதுவாக நகர்ந்தது. தூரத்தில் எங்கோ ஒரு லாஞ்ச் ஊதியது. வீடே தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது தோர்ஷாவுக்கு.

நன்றாக ஆறியதும், காய்ந்த வரைதூரிகையால் துவாரத்தை மெல்லப் பெருக்கினாள். உருண்டை உருண்டையாகப் பஞ்சு வந்தது. எல்லாம் அந்த ரஜாய்ப் பஞ்சுதான். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பிறகு சாப்பிட உட்காரும் மணைப்பலகையைக் கட்டில்மேல் போட்டு, நான்கு மூலைக்கும் ரப்பர் துண்டு முட்டுக்கொடுத்து, அதன்மேல் மடிக்கணினியை வைத்தாள். பழக்க தோஷத்தில் அம்மாவின் கை சால்வையோடு நீண்டது. தோர்ஷா முறைத்ததும் அதை அம்மா தானே போர்த்திக்கொண்டாள்.

படகு கிளம்பியது. பனி விலகியது, மீன்கள் வந்தன. நடு ஆறு நெருங்கியபோது டுட்டுன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

படகு நிற்கவில்லை. பனிக்குள் நுழைந்தது. திரை முழுக்க வெள்ளை. பிறகு அந்த வெள்ளைக்குள்ளிருந்து படகின் மூக்கு எட்டிப் பார்த்தது. அடுத்து அக்கரைப் படிகள் வந்தன. அட்டை டுட்டுன் ஒவ்வொரு படியாக ஏறி, பள்ளிக் கதவருகே போய் நின்றான்.

"அப்புறம்?" என்றான் டுட்டுன்.

"அவ்ளோதான்."

"கதவுக்கு உள்ளே என்ன இருக்கு?"

தோர்ஷா அந்தப் பள்ளிக்குள் போனதே இல்லை. தனக்குத் தெரியாததால்தான் வரையவில்லை என்று உள்ளதைச் சொன்னாள்.

டுட்டுன் கட்டிலிலிருந்து குதித்து இறங்கி, புதுப் பையைத் தேடி எடுத்து வாசற்கதவோரம் வைத்தான்.

"நாளைக்கு நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன், தீதி. நீ வரைஞ்சுக்கோ."