மகாராணிக்கு ஒரே தோட்டா

போன் அலறியது.

உடனே எடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் அலறவிடலாமா என்று யோசித்தான் 'கைக்குட்டை'. கெட்ட சேதியை முன்கூட்டியே அறிந்தவன் முதல் மணியிலேயே எடுக்கக் கூடாது... அது கொலைகாரனின் இலக்கணம்!

எடுத்தான்.

"தம்பி... அத்தான் போயிட்டாருடா."

அக்கா. அதற்கு மேல் அழுகைதான். துணிக்கடைக்குப் போய்விட்டு வந்தாளாம். துப்பாக்கி அறை திறந்து கிடந்ததாம். நாற்காலியில் சாய்ந்தபடி அத்தான், நெஞ்சில் ஓட்டையோடு. காலடியில் மகாராணி.

"எதையும் தொடாதக்கா. இதோ வரேன்."

குரல் சரியாகவே நடுங்கியது. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த நடுக்கம்!

கைக்குட்டை என்பது அத்தான் வைத்த பெயர். ஹோட்டல் ஸ்பூனைத் துடைப்பான். அடுத்தவன் கார் கண்ணாடியைத் துடைப்பான். கட்டியவள் கோபித்துக்கொண்டு போனபோது, அவள் பிடித்த கதவுக் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத்தான் அழவே ஆரம்பித்தானாம்.

மகாராணி?

நூறு வருஷத்துக்கு மேல் வயதான வேட்டைத் துப்பாக்கி. ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. விசைக்குக் கீழே உள்ள கைப்பிடியை இழுத்தால், பின்பக்க இரும்புக் கதவு வழுக்கிக்கொண்டு இறங்கும். தோட்டாவைச் செருகி மூட வேண்டும். குறி தப்பியதோ... அடுத்ததைச் செருகுவதற்குள் புலி பக்கத்தில் வந்து குசலம் விசாரித்துவிடும்!

உலகத்திலேயே மூன்றுதான். ஒன்று கடலுக்கடியில். ஒன்று யாரோ ஒரு மன்னரின் சவப்பெட்டியில். மூன்றாவது, அத்தானிடம்.

அதைத்தான் மியூசியத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார் அத்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டால் இந்த ஜென்மத்தில் தொட முடியாது. அதற்கு முன் அத்தானே போய்விட்டால்? எல்லாம் அக்காவுக்கு. அக்காவுக்குத் துப்பாக்கி என்றாலே குமட்டும். சனியனைத் தூக்கிட்டுப் போடா என்று தம்பி தலையில்தான் கட்டுவாள்.

அன்று காலை, அக்கா கடைக்குக் கிளம்பும் வரை தெருமுனையில் காத்திருந்தான். பின்பக்கமாக நுழைந்தான்.

கையுறை போடாமல் மகாராணியைத் தொடக் கூடாது என்பது அத்தான் வீட்டுச் சட்டம். அவரே வெள்ளைக் கையுறையை நீட்டினார்.

"கடைசியா ஒரு தடவ தடவிக்கோ, கைக்குட்டை" என்று கண்ணடித்தார்.

தடவினான். தடவியபடியே ஒரு தோட்டாவைச் செருகினான். சுட்டான்.

துப்பாக்கியை அவர் காலடியில் வைத்தான். பக்கத்தில் எண்ணெய்ப் புட்டி, பழந்துணி. துடைக்கும்போது வெடித்துவிட்டது... பாவம்! வாசல் வரை போனான். போக மனசு வரவில்லை. திரும்பி வந்து ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

என்ன வேலையா? பொறுங்கள்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. முகத்துத் தண்ணீரைப் புறங்கையால் வழித்துக்கொண்டே நுழைந்தவனை அக்கா ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

துப்பாக்கி அறையில் இன்ஸ்பெக்டர் அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். ஜலதோஷம். அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். உள்ளே தோட்டா இருப்பதை அத்தான் மறந்திருப்பார் என்றான். ஆட்டினாள். வயசாகிவிட்டது என்றான். அதற்கும் ஆட்டினாள்.

"விபத்துதான் சார். துப்பாக்கிய மட்டும் எடுத்துட்டுப் போறோம்."

அப்பாடா!

கான்ஸ்டபிள் ஒரு சாக்கோடு வந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கைக்குட்டை ஓரடி முன்னால் வந்தான். "எத்தனை நாளைக்கு மேடம்?"

"கோர்ட்டு விடற வரைக்கும். வருஷக்கணக்குல ஆகும்."

"ஸ்டோர் ரூம் ஒழுகுது மேடம்" என்றார் கான்ஸ்டபிள். "எலி வேற."

"ஒழுகட்டும்யா. சுட்ட துப்பாக்கி. உள்ள இருக்கற கருமருந்துக் கரியில ஈரம் பட்டா குழலே அரிச்சுப் போயிடுமாம். நமக்கென்ன, பேரன் பேத்திக்கா சேத்து வைக்கிறோம்?"

ஈரச் சாக்கு மகாராணியை நெருங்கியது. அதன் தேக்கு நிறக் கட்டையில் ஒரு சொட்டு விழுந்தது...

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பான்.

"அரிக்காது மேடம். உள்ள கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. வெளிய மட்டும் நனையாம..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.



"நானும் டார்ச் அடிச்சுப் பாத்தேன் சார்" என்றாள் இன்ஸ்பெக்டர், மெதுவாக. "சுட்ட தோட்டாக் கூடு உள்ள இருக்கு. குழல்ல ஒரு பொட்டுக் கரி இல்ல. செத்தவரு எந்திரிச்சுத் துடைச்சுட்டு, மறுபடி வந்து உக்காந்து செத்தாரா? எவனோ ஒருத்தனுக்கு அத அழுக்கா விட்டுட்டுப் போக மனசு வரல. எவன்னு தெரியணுமே... அதான் சாக்க நனைக்கச் சொன்னேன்."

அந்தச் சின்ன வேலை அதுதான்! கருமருந்து சாயங்காலத்துக்குள் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். காலிக் கூட்டை உருவி, குழலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கூட்டைத் திரும்பச் செருகினான். மனிதனைக் கொன்றுவிட்டுப் போக முடிந்தது. துப்பாக்கியை அழுக்காக விட்டுப் போக முடியவில்லை.

"உன் கைக்குட்டை எங்கடா?"

வாசலில் அக்கா.

அவன் கை பாக்கெட்டுக்குப் போனது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அது காலி. பழந்துணி மகாராணிக்குத் தகாது என்று பட்டுக் கைக்குட்டையைக் கிழித்திருந்தான்.

"பின்பக்கச் சாக்கடையில கிடந்துச்சும்மா" என்றாள் இன்ஸ்பெக்டர். "துண்டு துண்டா. கரியோட."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"மியூசியம்னு சொன்னது உன்ன வெறுப்பேத்தடா. நாளைக்கு உன் பேருக்குத்தான் மாத்தறதா இருந்தாரு. இவன விட்டா வேற எவன் அத இந்த மாதிரி துடைப்பான்னு... நேத்துகூடச் சொல்லிச் சிரிச்சாரு."

அவன் மகாராணியைப் பார்த்தான். அது பளபளத்தது.

விலங்கு 'க்ளிக்' என்றது. அவன் குனிந்து பார்த்தான். கட்டைவிரல் தன்னையறியாமல் அதன் ஓரத்தைத் தேய்த்தது.

"துருப்பிடிச்சிருக்கு மேடம். எண்ணெயே போட மாட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஒரு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"உள்ள கம்பி ஏகப்பட்டது இருக்கு சார். பொறுமையா எல்லாத்துக்கும் நீங்களே போடுங்க."