ஒன்பதாம் தேதி உருக்கிய அலுமினியம்

காலை பத்து மணிக்கு ராஜமதி வந்தபோது கலைச்செல்வி மிக்சியைப் பிரித்துப் போட்டு நடுவே உட்கார்ந்திருந்தார். மிக்சியில் கோளாறு ஒன்றுமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சென்னைத் துறைமுகச் சுங்கத்தில் முப்பது வருடம் பெட்டிகளைப் பிரித்தவருக்கு, ஓய்வு பெற்றுச் செஞ்சிக்கு வந்த பிறகும் கை சும்மா இருப்பதில்லை.

ராஜமதியைக் கூட்டிவந்தவர் ஆட்டோ ஓட்டும் செல்லப்பன். ஊரில் எங்கே சிக்கல் என்றாலும் மோப்பம் பிடித்துக் கலைச்செல்வி அக்காவிடம் கொண்டுவந்து சேர்ப்பது அவருக்குச் சவாரியைவிட முக்கியம்.

“மேடம், சாயந்திரம் அஞ்சு மணிக்கு என் பட்டறைக்கு சீல் வச்சிடுவாங்க,” என்றார் ராஜமதி.

திண்டிவனம் சாலையில் இருக்கிறது அவருடைய பட்டறை. இருபத்திரண்டு பெண்கள் அங்கே ராணுவ வண்டிகளுக்கு அலுமினியப் பாகங்கள் கடைகிறார்கள். இந்த நாட்டில் உருக்கிய உலோகத்தில்தான் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியாக வந்த அலுமினிய ராடுகளைச் சோதித்ததில் வெளிநாட்டுச் சரக்கு என்று தெரிந்துவிட்டது. பட்டறையிலேயே யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது புகார்.

“அது இன்னாக்கா, அலுமினியத்துல உள்ளூரு வெளியூரு?” என்றார் செல்லப்பன்.

“சண்டை வந்து கப்பல் நின்னுட்டா ராடு எங்கிருந்து வரும்? அதுக்குத்தான் வெளிநாட்டு ராடுக்கு வரி போட்டு இங்க இருக்கிற மில்ல காப்பாத்துறாங்க. நம்ம கோட்டைக்குள்ள நெல்லுக் களஞ்சியம் எதுக்குக் கட்டினாங்க? வெளிய வழிய அடைச்சாலும் உள்ள சோறு இருக்கணும்னுதான். ஆனா ராடுன்னு சொன்னா வரி கூட, கழிவு உலோகம்னு எழுதினா வரி கம்மி. கழிவுன்னு இறக்கி, உள்ளூர் பேர ஒட்டி வித்தா நல்லா மிஞ்சும்.” கலைச்செல்வி ராஜமதி பக்கம் திரும்பினார். “உங்களுக்கு யார் மேல சந்தேகம்?”

ராஜமதி தலைகுனிந்தார். “ஸ்டோர் பார்க்கிற காமராஜ். பன்னெண்டு வருஷமா இருக்காரு. சாவி அவர்கிட்ட மட்டும்தான். காலைல வாங்கிட்டேன். அவர்தான் மாத்தியிருக்கணும்னு அதிகாரிகிட்ட லெட்டரும் குடுத்துட்டேன்.”

“அவர் என்ன சொல்றாரு?” என்றார் கலைச்செல்வி.

“நான் ஒண்ணும் கேக்கல மேடம். முகத்தப் பார்க்கவே முடியல.”

பட்டறை வாசலில் காமராஜ் மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ராஜமதி நேராக உள்ளே போய்விட்டார்.

ஸ்டோரில் இரும்பு ரேக்கின் ஒவ்வொரு காலிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. ஆயுத பூஜை முடிந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. பூஜைக்கு முன்பே வந்த பழைய ராடுகளில் பொட்டே இல்லை.

“ராடுல வைக்க மாட்டோம் மேடம். நாலு வருஷம் முன்ன பொட்டு வச்ச எடத்துல கறை ஏறி, சரக்கு மொத்தமும் திரும்பி வந்துடுச்சு. அதுலேர்ந்து ரேக்குக்கு மட்டுந்தான்,” என்றார் ராஜமதி.

புகாருக்கு ஆளான ராடுகளின் அறுத்த முனையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மில்லின் பெயர், எண், உருக்கிய தேதி அக்டோபர் ஒன்பது. கலைச்செல்வி ஒன்றை உரித்தார். முழுதாக வரவில்லை, பொடிப்பொடியாகக் கிழிந்து வந்தது. ஒருமுறை உரித்தால் மறுபடி ஒட்ட முடியாத வகை. வெறுமையான முனையை மூக்கருகே கொண்டுபோய் மெல்ல முகர்ந்து பார்த்தார். செல்லப்பனும் ஆவலாக முகர்ந்தார். பாவம், அவருக்கு ஜலதோஷம்.

“சரக்கு வந்தன்னைக்கு போட்டோ எடுப்பீங்களா?”

“லாரியில இருக்கும்போதே ஒவ்வொரு ராடையும் எடுத்துடுவோம்.” போனில் பதினான்காம் தேதிப் படங்கள் இருந்தன. எண்கள் பொருந்தின. ஒவ்வொரு ஸ்டிக்கரின் சுருக்கமும் அப்படியே பொருந்தியது. கலைச்செல்விக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

நாலு மணிக்கு எல்லோரும் ஸ்டோரில் கூடினார்கள். ராணுவத் தர ஆய்வு அதிகாரி ஜெயராமன் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ராடு சப்ளை செய்த அரங்கநாதன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவலூர்பேட்டை சாலையில் அவருக்குப் பெரிய குடோன்.

“மில்லுலேர்ந்து லாரி நேரா இங்கதாங்க வந்துச்சு. என் குடோன்ல எறக்கவே இல்ல. நான் கையால தொட்டதே இல்ல,” என்றார் அரங்கநாதன்.

“அப்ப சரி. சும்மா ஒண்ணு கேக்குறேன். உங்க குடோன்ல ஆயுத பூஜை ரொம்ப விசேஷமாமே?”

அரங்கநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பன்னீர்ல சந்தனம் குழைச்சு, நடுவுல குங்குமம் வப்போம். தராசு, தள்ளுவண்டி, ஒவ்வொரு ராடு, ஒண்ணையும் விடமாட்டேன். விட்டா வியாபாரத்துக்கு ஆகாது.”

கலைச்செல்வி இன்னொரு ஸ்டிக்கரைச் சுரண்டி, ராடை ஜெயராமனிடம் நீட்டினார். “மோந்து பாருங்க சார்.”

“சந்தனம். பன்னீர் வாசன வேற,” என்றார் ஜெயராமன். யாரோ துடைத்திருந்தார்கள். ஆனாலும் அறுத்த கோடுகளுக்குள் மஞ்சளும் சிவப்பும் மெல்லிசாகத் தங்கியிருந்தன.

“மில்லுல வச்சிருப்பாங்க. அங்க பூஜை இல்லியா?” என்றார் அரங்கநாதன்.

“பூஜை ஒண்ணாந்தேதி. ஒன்பதாந்தேதி உருக்கின ராடுக்கு அதுக்கு முந்தின வாரமே யாருங்க பொட்டு வப்பாங்க? தேதியே பொய். இந்த ராடு பூஜையன்னைக்கே எங்கேயோ இருந்திருக்கு. பொட்டு வச்சு, தொடைச்சு, அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. அதே ஸ்டிக்கர் லாரி போட்டோவுல இருக்கு. அப்ப இங்க எதுவும் மாறல. இங்க ராடுக்கு பொட்டு வைக்கிற பழக்கமும் இல்ல. பழக்கம் எங்க இருக்குன்னு இப்பத்தான் கேட்டோம். சார், மிச்ச ராடு அந்தக் குடோன்ல பொட்டோட கிடக்கும். இப்பவே போய் பாத்துடலாமே.”

“சாவி வீட்டுல இருக்குது,” என்றார் அரங்கநாதன்.

“வீட்டுக்கே போவோம், வாங்க,” என்ற ஜெயராமன், சீல் வைக்கக் கொண்டுவந்த பையை மூடினார்.

“அந்த லெட்டர் சார்,” என்றார் ராஜமதி. வாங்கி நாலாகக் கிழித்தார். ஆனாலும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் நீட்டினார்.

காமராஜ் எழுந்து நின்றார். டிபன் பை இன்னும் பிரிக்காமல் இருந்தது.

“லாரியிலேர்ந்து எறக்கும்போதே சந்தன வாசன அடிச்சுது மேடம். நம்ம ராடுல ஏதுடான்னு அப்பவே நெனச்சேன்,” என்றார். “காலைல என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

சாவியை வாங்கிக்கொண்டு ஸ்டோரைப் பூட்டப் போனார்.