முதல் வரிசையில் ஒரு காலி இடம்

கடலுக்கு விலை வைத்திருந்தார்கள் காலா மொரேராவில். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் இலவசம். முன்னால் இருப்பவர்களின் முதுகையும் சேர்த்தே பார்க்கலாம். அலை வந்து காலை நனைக்கும் முதல் வரிசை வேண்டுமென்றால் விலை மூன்று மணி நேரத் தூக்கம். மணலைச் சீர்செய்யும் டிராக்டர் காலை ஆறு மணிக்குப் போனதும் கயிற்றைத் தாண்டி ஓட வேண்டும். குடையை நட்டு நாற்காலியை விரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடி படுத்துக்கொள்ளலாம். பதினொரு மணிக்கு வந்தாலும் இடம் உங்களுடையது. அடுத்தவர் நாற்காலியைத் தொடக்கூடாது. ஸ்பெயினின் அந்தக் கரையோரம் முழுக்க அதுதான் சட்டம். எந்தப் புத்தகத்திலும் இல்லை. நகராட்சி அபராதம் போட்டுப் பார்த்தும் மாறவில்லை.

எலாதியோவுக்கும் அந்தச் சட்டம் தெரியும். அல்பசேத்தேயில் மெத்தை வியாபாரம் அவருக்கு. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தூக்கம் விற்றவர், சொந்தத் தூக்கத்தைக் கொடுத்து எதையும் வாங்கியதில்லை. அதனால் வழக்கமாகப் போகும் கடற்கரையில் எல்லா வருஷமும் மூன்றாம் வரிசைதான். இந்த வருஷம் அப்படி இல்லை. வசந்தத்தில் அவர் மனைவி ரெமேயின் நுரையீரலில் ஒரு பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். கூட்டமில்லாத ஊராகப் பார்த்துக் கடல்காற்றில் உட்கார வையுங்கள் என்றார் டாக்டர். ஆகஸ்டு முதல் தேதி மாலை, ரெமேயையும் அவள் தம்பி கீகேயையும் காரில் ஏற்றிக்கொண்டு காலா மொரேராவில் வந்து இறங்கினார். வாடகை வீட்டின் படிகளில் அவள் நான்கு தடவை நின்று மூச்சு வாங்கினாள்.

"ஒரே ஒரு நாளுங்க," என்றாள். "எனக்கு முன்னால யார் முதுகும் இல்லாம, காலைத் தண்ணியில வச்சுக்கிட்டு உக்காரணும். அது போதும்."

"நாளைக்கே," என்றார் எலாதியோ. பேரம் பேசாமல் அவர் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அது.

மறுநாள் காலை அவரும் கீகேயும் ஓடினார்கள். உள்ளூர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஐந்தே நிமிஷத்தில் வரிசை நிரம்பிவிட்டது. நட்டநடுவில் மட்டும் நாலு எட்டு அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு பழைய மர நாற்காலி கடலைப் பார்த்தபடி நின்றது. பக்கத்தில் குடையும் இல்லை, துண்டும் இல்லை.

"மச்சான், மெத்தை வியாபாரி வர்றாருன்னு கேள்விப்பட்டு விட்டு வச்சிருக்காங்க," என்றான் கீகே.

மணலோரத்துக் காப்பிக் கடையைத் திறந்துகொண்டிருந்த அம்பாரோ தலையை நிமிர்த்தினாள். ஐம்பது வயசு இருக்கும்.

"அங்க ஆளிருக்கு."

"எப்ப வருவாரு?"

"அவரு வர்றதில்ல."

"வராத ஆளுக்கு எதுக்கும்மா இடம்? படுக்காத ஆளுக்கு நான் மெத்தை வித்ததில்ல."

"பின்னாடி நிறைய மணல் கெடக்கு, மெத்தைக்காரரே. அங்க போய் உக்காருங்க. காப்பி நான் சும்மா தர்றேன்."

கடைக்காரி ஒருத்தி எதையாவது சும்மா தருகிறேன் என்றால் எங்கோ இடிக்கிறது என்று எலாதியோவுக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் கண்ணில் நின்றதோ படிகளில் ரெமே நான்கு தடவை நின்று வாங்கிய மூச்சு. மர நாற்காலியை மடக்கினார். உட்காரும் பலகை ஈரமாக இருந்தது. துருப்பிடித்த இரும்பு வாசனை வந்தது. இருவரும் பிடித்துத்தான் அதைத் தூக்க முடிந்தது. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

யாரும் சத்தம் போடவில்லை.

அதுதான் சரியில்லை. அடுத்தவர் நாற்காலியைத் தொட்டால் கைகலப்பாகும் கரை அது. அன்று நாற்பது பேர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கீகே குடைக்கோலை மணலில் முறுக்கி இறக்கினான். ஐந்தாவது முறுக்கில் கோல் அவன் கையிலிருந்து நழுவித் தானாகவே இறங்கியது, கீழிருந்து யாரோ இழுப்பதுபோல.

"நல்ல மணல்," என்று சிரித்தான் கீகே. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளை நாற்காலி எலாதியோவுக்கு, நீலம் கீகேக்கு, மஞ்சள் ரெமேக்கு. பதினொரு மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தாள். அலை அவள் கணுக்கால்வரை ஏறி இறங்கியது. முட்டையடையும் தர்ப்பூசணியும் தின்றாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக இருமாமல் ஒரு முழு மூச்சு இழுத்தாள். எலாதியோ அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுப்பகல் ஆயிற்று. காற்று நின்றது. வரிசையில் இருந்த குடைகளின் ஓரத் தொங்கல்கள் அசையாமல் தொங்கின.

ஒரு குடை மட்டும் திரும்பியது.

கிறீச். கிறீச். மணலிலிருந்து தன்னைத்தானே கழற்றிக்கொள்வதுபோல மெதுவாகத் திரும்பியது. கோலைச் சுற்றியிருந்த மணல் கறுத்து, கொழகொழவென்று ஈரம் ஊறியது. காலையில் நாற்காலியில் வந்த அதே துரு வாசனை.

"கீகே, கோலைப் புடி."

கீகே எழுந்தான். அப்போதுதான் எலாதியோ கவனித்தார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். முதல் வரிசை முழுவதும் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. குழந்தைகளின் கண்களைத் தாய்மார்கள் பொத்தியிருந்தார்கள்.

கோல் மணலை விட்டுக் கிளம்பியது.

ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி, சாய்ந்து, கூர்முனை முன்னால் வர ஒரு நொடி நின்றது. பிறகு கீகேயின் தொண்டைக்குக் கீழே புகுந்து முதுகில் வெளிவந்தது. அவன் நின்றபடியே இரண்டு கைகளாலும் அதைப் பிடித்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இரத்தம் ரெமேயின் மடியிலும் தர்ப்பூசணித் துண்டுகளிலும் கொட்டியது.

எலாதியோ பாய்ந்தார். பாய முடியவில்லை.

கைகள் அவரைப் பிடித்திருந்தன. மணிக்கட்டில் ஒன்று, தோளில் ஒன்று, தலைமயிரில் ஒன்று. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை; தோலில் விரல்கள் பதிந்த குழிகள் மட்டும் தெரிந்தன.

கோல் கீகேயின் உடம்பிலிருந்து தன்னை உருவிக்கொண்டது. அவன் மடிந்து விழுந்தான். சொட்டும் கூர்முனை மெதுவாக மஞ்சள் நாற்காலியின் பக்கம் திரும்பியது. ரெமேயால் கத்த முடியவில்லை. கத்துவதற்கு வேண்டிய மூச்சு அவளிடம் இல்லை.

"பாருங்களேன், யாராவது பாருங்களேன்," என்று அலறினார் எலாதியோ.

நாற்பது முதுகுகள். ஒன்றும் அசையவில்லை.

மர நாற்காலி நினைவுக்கு வந்தது. அவர் உடம்பை முறுக்கித் திமிறினார். இடது மணிக்கட்டு மளுக்கென்று முறிந்து விடுபட்டது. மயிர் கொத்தாகப் பிய்ந்தது. மணலில் முழங்காலிட்டுத் தவழ்ந்து, மூன்றாம் வரிசைக்குப் பின்னால் போய், வலது கையால் அந்த நாற்காலியை இழுத்தார். அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் கனம். கடைசி இரண்டு எட்டுக்குப் பல்லாலும் கடித்து இழுத்தார். பழைய இடத்தில் நிமிர்த்தி விரித்து வைத்தார்.

கூர்முனை ரெமேயின் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. அறுவைத் தழும்பின் மேலேயே.

குடை தொப்பென்று விழுந்தது. வெறும் குடை.

காற்று மறுபடி வீசத் தொடங்கியது.

ரோந்து போலீஸ் வந்தபோது நாற்காலிகளெல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வரிசையில் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. கடைசியில் எலாதியோவிடம் வந்தார்கள்.

"நீங்க என்ன பாத்தீங்க, சார்?"

கண்ணுக்குத் தெரியாத கைகளைப் பற்றிச் சொன்னால் தன்னை எங்கே கொண்டுபோவார்கள், ரெமேயை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்தார். வரிசையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்து," என்றார். "பெரிய காத்து. நான் ஒண்ணும் பாக்கல."

கீகேயின் உடலை எடுத்துப்போன பிறகு, மாலையில் மாவுக்கட்டோடு அம்பாரோவின் கடை முன்னால் வந்து நின்றார். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அவரு பேரு பாத்திஸ்த். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. பொண்டாட்டிக்குன்னு போட்ட நாற்காலிய யாரோ நகர்த்தினாங்கன்னு சண்டை. மூணு பேரு புடிச்சுக்கிட்டானுங்க, நாலாவது ஆளு குடைக்கோலால குத்தினான். வரிசை முழுக்கப் பாத்துச்சு. போலீஸ்கிட்ட ஒருத்தரும் பாக்கலைன்னுட்டோம். என் புருஷனும்தான்."

"உங்க புருஷன் எங்க?"

"அடுத்த ஆகஸ்டுல போயிட்டாரு. நாற்காலிய நகர்த்தினா ஒரு ஆளு. பாக்கலைன்னு சொன்னா இன்னொரு ஆளு. இந்த வரிசையில எந்தக் குடைக்குக் கீழ வேணாலும் எண்ணிப் பாருங்க, ஒரு ஆளு கொறையும்." அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க, மெத்தைக்காரரே?"

சொன்னதை மாற்றிச் சொல்லிவிட எலாதியோ அங்கேயே திரும்பினார். போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். பூட்டிக் கிடந்தது, காலை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்களாம். காத்திருக்கத் துணிவில்லை. மூன்று நாற்காலிகளையும் தன் கையாலேயே காரின் பின்பெட்டியில் அடுக்கிப் பூட்டினார்.

விடிந்ததும் ரெமேயை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கடற்கரைச் சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். டிராக்டர் அப்போதுதான் போயிருந்தது. யாரும் இன்னும் கயிற்றைத் தாண்டவில்லை.

சீவிய மணலில், ஒரு காலடித்தடமும் இல்லாத நடுவில், மர நாற்காலி நின்றது. அதன் பக்கத்தில் நீல நாற்காலி. அதற்குப் பக்கத்தில், அலை வந்து நனைக்கும் இடத்தில், மஞ்சள் நாற்காலி விரித்து வைக்கப்பட்டுக் கடலைப் பார்த்தபடி காத்திருந்தது.

"ஏங்க," என்றாள் ரெமே. அவள் மூச்சில் தண்ணீர் களகளத்தது. "என் காலு நனையுது."

எலாதியோ இறங்கிப் போய்ப் பின்பெட்டியைத் திறந்தார். வெள்ளை நாற்காலி மட்டும் கிடந்தது. முப்பது வருஷ வியாபாரி அவர்; அவருடைய மனசு அவரைக் கேட்காமலே கூட்டிக் கழித்தது.

வந்தது ஆள் மூன்று, நாற்காலி மூன்று. போவது நாற்காலி ஒன்று, ஆள் இரண்டு.

ஒன்று அதிகம்.