பத்து விநாடி திறக்கும் கதவு

கணினி வேலை தெரிந்த அவன் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. மழை மூட்டத்தில் நீண்ட தாழ்வாரம் இருண்டு கிடந்தது. மருந்து நெடியும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கலந்து வீசின. அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"கோடி ரூம் கதவுப் பெட்டி அடிக்கடி செத்துப் போகுதுடா. கார்டைக் காட்டினாலும் திறக்கல. குனிஞ்சு குனிஞ்சு ஒயரைப் பிடுங்கிச் சொருகி என் இடுப்பே போச்சு."

"இன்னையிலேர்ந்து அது தானா நடக்கும். இடுப்புக்கு லீவு குடு."

அந்தக் கட்டடத்தின் கருவிகளுக்கெல்லாம் ரூட்டரிலிருந்து ஒரே கேபிளில்தான் இணையமும் மின்சாரமும் போயின. ரூட்டரில் கேபிள் சொருகும் ஆறாவது துளை, ஆறாவது போர்ட், கோடிக் கதவுக்கு. காந்தப் பூட்டு, மின்சாரம் இருக்கும்வரை இறுகப் பிடிக்கும், போனால் விட்டுவிடும். அலுவலக அறையில் உட்கார்ந்து அவன் சிறிய நிரல் ஒன்றை, ஒரு ஸ்கிரிப்டை, எழுதினான். ஐந்து விநாடிக்கு ஒருமுறை எல்லாக் கருவிகளையும் அழைத்து, பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கதவுப் பெட்டியிடமிருந்து மூன்று முறை பதில் இல்லையென்றால் அதன் மின்சாரத்தை நிறுத்தி, பத்து விநாடி கழித்துக் கொடுக்க வேண்டும்.

"அந்த ரூம்ல யாரு இருக்கா?"

"இப்ப யாருமில்ல. போன மாசம் வரைக்கும் ஒரு பெரியவர். எழுந்து போயிடுறாருன்னு உள்பக்க பட்டனைக் கழட்டிட்டோம்." அக்கா குரலைத் தாழ்த்தினாள். "சாகுற வரைக்கும் கதவைத் தட்டிட்டே இருந்தார்டா."

அவள் மாத்திரை கொடுக்கப் போனாள். அவன் ஸ்கிரிப்டை ஓடவிட்டான்.

ஐந்தாவது நிமிடம் தொலைவில் 'டக்' என்று பூட்டு விட்டது. இரண்டு நிமிடத்தில் மறுபடியும். பிறகு ஒரே நிமிடத்தில்.

அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்துகிறோமோ என்று நினைத்து, மூன்றை ஏழாக மாற்றினான். யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டி மூன்று அழைப்புக்குப் பேசாமல் இருந்தது. பிறகு தானாகவே பதில் சொன்னது.

அடுத்து நான்கு அழைப்புக்கு மௌனம். பதில்.

ஐந்து. பதில்.

ஆறு. பதில்.

ஏழு.

டக்.

அதன் பிறகு அது மூன்றிலோ நான்கிலோ நிற்கவில்லை. நேராக ஏழுக்கே போனது.

பழுதான பெட்டி எண்ணிப் பார்க்காது.

"கதவு தானா திறக்குதுடா, என்னன்னு பாத்துட்டு வரேன்," தாழ்வாரத்திலிருந்து அக்காவின் குரல்.

"போகாதக்கா..."

மின்சாரம் திரும்பியது. கதவு அறைந்து மூடிக்கொண்டது.

மேசைமேல் அவன் செல்போன் அதிர்ந்தது.

"தம்பி," அக்காவின் குரல் கிசுகிசுப்பாகக் கேட்டது. "உள்ள மாட்டிக்கிட்டேன். கார்டு வெளியே விழுந்துடுச்சு. சீக்கிரம் திற."

"பயப்படாத. தோ..."

"மெதுவாப் பேசுடா. என் காதுகிட்ட யாரோ மூச்சு விடுறாங்க."

விசைப்பலகைமேல் அவன் விரல்கள் நின்றன. அவளுக்காகத் திறந்தால் அவளுக்கு மட்டும்தான் திறக்குமா?

ஆறாவது போர்ட்டைத் தன் கையாலேயே அணைத்தான்.

டக். ஓடிவரும் காலடிகள். அக்கா அறைக்குள் விழாத குறையாக வந்து நின்றாள். அவன் மின்சாரத்தைக் கொடுத்தான். தொலைவில் பூட்டு கவ்வியது. மின்சாரத்தை நிறுத்தும் வரிகளை ஒன்றுவிடாமல் அழித்தான். கருவிகளை அழைத்துப் பார்ப்பது மட்டும் எல்லாப் போர்ட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதுக்கா. இனி அது திறக்காது."

அக்கா தன் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாழ்வாரத்துல என் கையைப் பிடிச்சிட்டே வந்துச்சு," என்றாள். "பாதி வழியிலதான் விட்டுச்சு."

அவன் திரையைப் பார்த்தான். ஆறாவது போர்ட் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது, தாழ்வாரக் கேமரா, பதில் சொல்லவில்லை. சற்று நேரத்தில் மீண்டது.

நான்காவது, மருந்தறைப் போன், அடங்கி மீண்டது.

மூன்றாவது, இந்த அறைக்கு வெளியே மாட்டிய கடிகாரம்.

அக்கா அவன் தோளைப் பற்றினாள்.

மேசைமேல், அவன் முழங்கைக்கு அருகே, இரண்டாவது போர்ட்டில் இணைந்திருந்த அலுவலகப் போனின் சிறிய திரை அணைந்தது.

அது மட்டும் மீளவில்லை.