நாற்பதாவது விநாடி

திங்கள், காலை 7.40.

ஹால்வர்சன் லேக் பள்ளி நூலகத்தில் டெவின் ப்ரூவிட் மடிக்கணினியைத் திறந்தான். பச்சைச் செயலிக்குள் இருந்த பதினான்கு வீடியோ பாடங்களையும் காணோம். உள்ளே இருந்த குப்பைத் தொட்டியும் காலி. செய்தவர் பெருக்கித் துடைத்துவிட்டே போயிருந்தார். ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தது: 'இன்று காலை 7.12. டெவின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது.'

டெவின் அந்தப் பள்ளியின் தொழில்நுட்பப் பயிற்சியாளன். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அன்று பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு. எட்டரைக்கு நாற்பது பேர் வந்து உட்காரப்போகிறார்கள். விஷயம் தலைகீழ் வகுப்பறை. பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்ப்பது, வீட்டுப்பாடத்தை வகுப்பில் செய்வது. அதற்கு எந்தச் செயலி உகந்தது என்று தேர்ந்தெடுக்க, ஒன்பதாம் வகுப்பின் இருபத்திரண்டு பிள்ளைகளை வைத்து மூன்று ஆசிரியர்கள் மூன்று வாரம் சோதித்திருந்தார்கள். செயலிகளின் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் ஐகானின் நிறத்தைச் சொல்லியே எல்லாரும் கூப்பிட்டார்கள்.

பச்சை முழு வீடியோ, நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்கும். அதைச் சோதித்தவர் புவியியல் ஆசிரியர் ஓரின் லிண்டால். நீலம் வெறும் படங்களும் பின்னணிக் குரலும்தான், கணித ஆசிரியை ஜோலீன் போல்யூவுடையது. ஆரஞ்சில் பொம்மைகள் பேசும். மூன்று நிமிடப் பொம்மைக்கு ஆறு மணி நேரம் செலவழித்த சுகாதார ஆசிரியர் ராய்ஸ் மிக்கோலா, அந்தப் பக்கமே இனி தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தார்.

7.46. தலைமை ஆசிரியை ராபர்ட்டா ஷூல்ட்ஸ் வந்தார். எதையும் இரண்டு முறை சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"உன் கணக்கு. உன் பாஸ்வேர்ட்."

"அவங்க மூணு பேருக்கும் தெரியும், ராபர்ட்டா. சோதனைக்காக நான்தான் குடுத்தேன்."

"நீலம்தான் நல்லதுன்னு போன மாசம் பூரா சொல்லிட்டிருந்தது யாரு? ஜெயிச்சது பச்சை. காலையில பாத்தா பச்சையக் காணோம். வேற எப்படி நினைக்கச் சொல்ற?"

டெவின் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவன். அந்த வேலை தொடருமா இல்லையா என்று வியாழக்கிழமை பள்ளி வாரியம் வாக்கெடுக்கப்போகிறது. பயிலரங்கைப் பார்க்க வாரியத் தலைவரே ஒன்பது மணிக்கு வருகிறார். இவனை நம்பித்தான் அவன் மனைவி மினியாபொலிஸில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, இந்த ஊர் மருத்துவமனையில் போன மாதம் சேர்ந்திருந்தாள்.

ஒன்பதுக்குள் அழித்தது யார் என்று தெரியாவிட்டால் தலைவரிடம் தான் என்ன சொல்லவேண்டி வரும் என்பதை ராபர்ட்டா மறைக்கவில்லை.

அதற்குள் மூன்று ஆசிரியர்களும் கூடிவிட்டார்கள். பெயர் அட்டைகளை எடுத்துக்கொண்டு ஆர்டிஸ் டோலஃப்சனும் வந்தார். முப்பத்தொரு வருடமாக வருகைப்பதிவு எழுத்தர். தினமும் காலையில் தொலைபேசியில் பொய் கேட்பதுதான் அவருடைய உத்தியோகம். பையனுக்குக் காய்ச்சல் என்று தாய் சொல்லும்போதே பின்னால் மீன்பிடிக்கும் சாமான்கள் வண்டியில் ஏறும் சத்தம் அவருக்குக் கேட்டுவிடும்.

ஓரின் லிண்டால் டெவினின் தோளில் தட்டினார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவ் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கவலைப்படாத தம்பி. பதினாலு பாடமும் இதுல இருக்கு. பத்து நிமிஷத்துல ஏத்திடலாம். பாத்த விவரம் போனா போகட்டும். அட்டவணைதான் சுவத்துல ஒட்டியிருக்கே."

டெவினுக்குக் கண் கலங்கியது. ஓரினின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

"அவசரப்படாத டெவின்," என்றார் ராய்ஸ். பிறகு ஓரினின் அடித்தொண்டைக் குரலில், "'பாறைகளுக்கு அவசரமில்லை, நமக்கும் அவசரமில்லை!' பஸ்ஸ விட்டு இறங்கறப்பவே பசங்க இதச் சொல்லிட்டுத்தான் வர்றாங்க. நீ பெரிய ஆளாயிட்ட ஓரின்."

ஓரின் சிரிக்கவில்லை. வீடியோக்களை அவர் அந்த வணக்கத்தோடுதான் தொடங்குவார். பிள்ளைகள் தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் இரண்டு முறை குறைபட்டுக்கொண்டவர் அவர்.

7.55. ஆர்டிஸ் சுவரில் இருந்த அட்டவணையைப் படித்தார். மூன்று ஆசிரியர்களும் தாங்களே தட்டச்சு செய்து கொடுத்ததை டெவின் அப்படியே ஒட்டியிருந்தான்.

நீலத்தை முழுக்கப் பார்த்தவர்கள் பதினைந்து பேர். பெரும்பாலும் காலை ஏழிலிருந்து எட்டு, பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு. ஆரஞ்சுக்குப் பதினோரு பேர், அதே நேரங்கள். இரண்டுக்கும் பக்கத்தில் டெவின் பென்சிலால் 'கடைசி நிமிடப் பழக்கம்' என்று குறித்திருந்தான். பச்சைக்கு இருபத்திரண்டு பேரும். மாலை ஏழிலிருந்து ஒன்பது. அதன் பக்கத்தில் 'அருமை' என்று இருந்தது.

அட்டவணைக்குக் கீழே அன்றைய நிகழ்ச்சி நிரல். டெவின் அதை வெள்ளிக்கிழமை மாலை எல்லாருக்கும் மெயிலில் அனுப்பியிருந்தான். பத்து மணி: வெற்றிபெற்ற செயலி தானே குறித்துவைத்த பார்வைப் பதிவைப் பெரிய திரையில் திறந்து காட்டுதல்.

"நான் ரெண்டு கேள்வி கேட்டுக்கலாமா?" என்றார் ஆர்டிஸ்.

ராபர்ட்டா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வராதவர்களைக் கண்டுபிடிப்பதில் ஆர்டிஸை மிஞ்ச ஆளில்லை என்பது அவருக்குத் தெரியும்.

முதல் கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். ஏழு பன்னிரண்டுக்கு எங்கே? ராய்ஸ் வாகன நிறுத்தத்தில் என்ஜின் உறைந்துவிடாமல் இருக்கக் காருக்கு மின்சார இணைப்பு மாட்டிக்கொண்டிருந்தாராம். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஓரின் ஆசிரியர் அறையில் காபி போட்டுக்கொண்டிருந்தாராம். ஜோலீன் வீட்டில், மதியத்துக்கான காட்டரிசி ஹாட்டிஷ் என்ற கலவைச் சோறு அடுப்பில் வேகக் காத்திருந்தாராம்.

"எனக்கு ரெண்டாவது இடம். அதனால நான்தான் முதல் ஆளக் கவுத்துட்டேன்னு நினைக்கிறீங்களா ஆர்டிஸ்?"

"நினைக்கல. கேக்கறேன்."

"எங்க இருந்தாங்கன்னு கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றான் டெவின். "ஃபோன்லயே அழிச்சிடலாம்."

"சரி, அப்ப ரெண்டாவது. உங்க வீடியோ போயிருந்தா திரும்ப ஏத்த எவ்வளவு நேரமாகும்?"

மூலப் பிரதி வீட்டுக் கணினியில் இருக்கிறது, போய் எடுத்துவர ஒரு மணி நேரம் என்றார் ஜோலீன். தன்னுடையது மேஜைக் கணினியில் எங்கோ இருக்கிறது, தேடவே அரை நாள் என்றார் ராய்ஸ். ஓரின் பேசாமல் பென் டிரைவைக் காட்டினார்.

8.05. ஆர்டிஸ் தன் அறைக்குப் போய் ஒரு தாளோடு திரும்பினார். பிள்ளை வராவிட்டால் எந்தெந்த வீட்டுக்கு மெயில் அனுப்பிப் பயனில்லை, தொலைபேசியில்தான் கூப்பிடவேண்டும் என்று அவர் வைத்திருக்கும் பட்டியல். ஒன்பதாம் வகுப்பில் ஒன்பது பெயர்களுக்குக் கீழே சிவப்புக் கோடு.

"ஏதாவது தொலைஞ்சா, என்ன தொலைஞ்சதுன்னு முதல்ல பாக்கணும்," என்றார். "வீடியோ தொலையல. ஓரின் பையில இருக்கு. தொலைஞ்சது ஒண்ணே ஒண்ணு. யார் எப்போ எவ்வளவு பாத்தாங்கங்கற பதிவு. பத்து மணிக்குத் திரையில திறக்கறதா டெவின் சொன்னானே, அது."

ராய்ஸுக்குப் புரியவில்லை. "இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. ஜெயிச்சவன் அத எதுக்கு அழிக்கணும்?"

"அதனாலதான் எல்லாரும் தோத்தவங்க மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறீங்க." ஆர்டிஸ் தாளை அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தார். "மூணு செயலிக்கும் அதே பிள்ளைங்க. இந்த ஒன்பது பேரும் ஏரியோட கிழக்குக் கரை. அந்தப் பக்கம் இன்னும் கம்பி போடல, வீட்டுல இணையமே கிடையாது. ஜோலீன் பாடத்த காலையில ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல பாத்திருக்காங்க. அது கடைசி நிமிஷப் பழக்கம் இல்ல, டெவின். நாலாம் நம்பர் பஸ். அதுலதான் வைஃபை இருக்கு. வீட்டுல பாடம் படிக்கறதுன்னா அவங்களுக்கு பஸ்தான்."

ராபர்ட்டா நெற்றியில் கை வைத்தார். பஸ்ஸுக்கு வைஃபை வாங்கக் கையெழுத்துப் போட்டதே அவர்தான்.

"அப்புறம் அதே ஒன்பது பேர் சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டுல உக்காந்து ஓரின் பாடத்த எப்படிப் பாத்தாங்க?" என்று கேட்டார் ஆர்டிஸ். "பாக்கல. அந்த நேரம் ஓரினே எழுதினது. பதிவு திரையில வந்தா தெரிஞ்சிடும். வெள்ளிக்கிழமை மெயிலப் பாத்துட்டு இன்னைக்குக் காலையில அழிச்சாச்சு. அழிக்கப்போறது முன்னாடியே தெரிஞ்சதாலதான் பென் டிரைவ் தயாரா பைக்குள்ள வந்துச்சு. இணையத்துல பத்திரமா இருக்கற வீடியோவ யாரும் சட்டைப் பையில தூக்கிட்டு வர மாட்டாங்க."

ஓரின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவரும் ஆர்டிஸும் இதே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"முதல் நாளே கேட்டேன், ஆர்டிஸ். வீட்டுல இணையம் இருக்கறவங்க கை தூக்குங்கன்னேன். எல்லாரும் தூக்கினாங்க."

"பதினாலு வயசு. இருபது பேர் முன்னால எங்க வீட்டுல இல்லன்னு எவன் சொல்லுவான்?"

"நாலு பேர்." ஓரினின் குரல் இறங்கியது. "முழுசா பாத்தது நாலே நாலு பேர். ராத்திரி சாப்பிட்டதும் உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்து, பிடிக்காம திரும்ப எடுத்து... பாடத்தப் பாக்கல, என் வணக்கத்த மட்டும் வச்சுக்கிட்டு வழி பூரா கிண்டல். அத நாப்பது பேர் முன்னால போட்டுக் காட்டணுமா? முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்." பிறகு டெவினைப் பார்த்தார். "பழி உன்மேல விழும்னு யோசிக்கல தம்பி. யோசிச்சிருக்கணும்."

அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தக் கையைப் பிடித்து நன்றி சொன்னது டெவினுக்குக் கசந்தது.

ஆர்டிஸ் இன்னும் முடிக்கவில்லை. "டெவின், இந்த மாதிரிச் செயலிங்க வாராவாரம் தானா ஒரு மெயில் அனுப்புமே. வருதா?"

வருகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு மெயில்கள் பிரிக்கப்படாமல் ஒரு கோப்புறையில் கிடந்தன. உலகத்துக்கே தொழில்நுட்பம் சொல்லிக்கொடுப்பவர்கள் இவற்றை மட்டும் திறப்பதில்லை. டெவின் பச்சையின் கடைசி மெயிலைத் திறந்தான். வெள்ளி மாலை வரைக்குமான முழுப் பதிவு அதில் இருந்தது.

முழுக்கப் பார்த்தவர்கள், நான்கு பேர். ஓரின் பார்த்தது அந்த ஒரு வரியை மட்டும்தான். அதற்குக் கீழே இன்னொரு பகுதி இருந்தது: பார்க்கத் தொடங்கியவர்கள்.

ஆர்டிஸ் சிவப்புக் கோட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். முழுக்கப் பார்த்த நால்வர் போக, ஊருக்குள் இருந்த மற்ற ஒன்பது பிள்ளைகள் எல்லா ஊர்ப் பிள்ளைகளையும் போலத்தான், பாதியில் விட்டிருந்தார்கள். கிழக்குக் கரையின் ஒன்பது பேர் பதினான்கு பாடங்களையும் திறந்திருந்தார்கள். தினமும் காலை 7.20 வாக்கில். ஒவ்வொன்றும் நாற்பதாவது விநாடியில் நின்றிருந்தது. மறுபடி திறந்திருந்தார்கள், மறுபடி நாற்பது. ஒரு பெண் ஒரே காலையில் ஆறு முறை முயன்றிருந்தாள். பஸ்ஸின் வைஃபை பச்சையின் கனமான வீடியோவைத் தாங்கவில்லை.

ஓரின் எழுந்து வந்து திரையருகே குனிந்தார்.

"நாப்பது விநாடிக்குள்ள நான் என்ன சொல்லியிருப்பேன்?"

"வணக்கம் சொல்லியிருப்ப," என்றார் ஆர்டிஸ். "பாறைகளுக்கு அவசரமில்லை, நமக்கும் அவசரமில்லை. அவங்களுக்குக் கிடைச்சது அவ்வளவுதான். அதத்தான் சொல்லிட்டு வந்தாங்க. அதுக்கு அப்புறம் உள்ள வரி ஒண்ணுகூட எவனும் சொல்லி நான் கேட்டதில்ல."

ஓரின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராபர்ட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

10.00. பதிவைப் பெரிய திரையில் திறந்தவர் ஓரின்தான். நாற்பது ஆசிரியர்கள் முன்னாலும் வாரியத் தலைவர் முன்னாலும், தான் எழுதியது எது, செயலி எழுதியது எது என்று வரிவரியாகச் சொன்னார். அதன்பிறகு தேர்வு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டெவின் தான் தயாரித்திருந்த பத்து அளவுகோல்களையும் அழித்துவிட்டு, நாலாம் நம்பர் பஸ்ஸில் ஓடுமா என்ற ஒன்றை மட்டும் பலகையில் எழுதினான். நீலம் ஓடும்.

வியாழக்கிழமை வாரியம் டெவினுக்கு இன்னும் இரண்டு வருடம் கொடுத்தது. ஓரினின் கோப்பில் ராபர்ட்டா ஒரு கண்டனக் கடிதம் வைத்தார். ஜெயித்தவர் என்ற முறையில் ஓரினுக்குப் போகவிருந்த தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு ஜோலீனுக்குப் போயிற்று. ஓரின் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க மாலையில் நூலகத்தில் உட்கார்ந்து பதினான்கு பாடங்களையும் நீலத்தில் மறுபடி பதிவு செய்தார். ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். வணக்கத்தை வெட்டிவிட்டார்.

அடுத்த திங்கள், காலை 7.52. நாலாம் நம்பர் பஸ் வந்து நின்றது. ஓரின் கோட்டுகூடப் போடாமல் வாசலில் நின்றிருந்தார். ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் இறங்கியவள், ஆறு முறை முயன்ற அந்தப் பெண்.

"மிஸ்டர் லிண்டால், முழுசா பாத்துட்டேன். எரிமலைப் பாறை வரைக்கும்." இரண்டடி போனவள் திரும்பி, மூஞ்சியைச் சுளித்தாள். "ஆனா ஆரம்பத்துல பாறைக்கு அவசரமில்லன்னு சொல்லுவீங்களே, அத ஏன் எடுத்துட்டீங்க?"