தோற்றுப்போன கட்டு

பிழைமானி எந்திரம் மூன்றாவது முறையும் சிவப்பு விளக்கையே காட்டியது. டாக்டர் இர்ஃபான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசியைச் சங்கடத்தோடு பார்த்தார்.

"எனக்குச் செய்ய மனசிருக்கும்மா. இது பச்சை காட்டாம ஆபரேஷன் தியேட்டர் கதவே திறக்காது."

"அப்படி என்னதான் கேக்குது?"

"எப்பவும் கேக்கறதுதான்." திரையை அவர் பக்கம் திருப்பினார்.

'ஆபத்து தெரிந்தும் ஏன் கை வைக்கிறீர்கள்?'

மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில், வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, இரண்டு மாதத்தில் வெடித்துவிடலாம் என்று சொல்லப்பட்டவருக்குச் சிரிப்பு வரக் கூடாதுதான். என்ன செய்வது, அந்தக் கேள்வி அவருடையது. மதுரை கோர்ட்டில் டாக்டர்களைக் கூண்டில் ஏற்றி, முப்பது வருஷம் அவர் கேட்ட கேள்வி.

லண்டனில் படித்துவிட்டு வந்தவர் என்பதால் கோர்ட்டில் எல்லோருக்கும் அவர் பாரிஸ்டரம்மா. மருத்துவக் கவனக்குறைவு வழக்கென்றால் தெற்குச் சீமை முழுக்க அவரைத்தான் தேடிவரும். சும்மா சொல்லக் கூடாது, ராணி மாதிரி வாழ்ந்த காலம் அது. நோயாளியின் குறிப்பேட்டை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தால் சோறு தண்ணீர் மறந்துபோகும். மூன்று ஷிப்டில் மூன்று நர்ஸுகள் எழுதியதாகச் சொல்லும் குறிப்பெல்லாம் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் நிமிஷத்தின் சந்தோஷம் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் அவருக்கு விரல் நுனி பரபரத்தது.

முதல் வழக்கில் கூண்டில் நின்ற டாக்டர், "எழுத விட்டுப்போச்சு. ஆனா ஊசி போட்டேன். நம்புங்கம்மா" என்றார். இவர் நிதானமாக, "ஏட்டில் இல்லாதது நடக்கவே இல்லை, டாக்டர்" என்றார். வழக்கு அங்கேயே முடிந்தது. அன்று சாயங்காலம் குமாஸ்தா சுருளியாண்டி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார்.

இப்போது வழக்கும் இல்லை, கூண்டும் இல்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை பிழைமானி வந்துவிட்டது. சிகிச்சையின் ஒவ்வொரு அசைவையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். தப்பு நடந்தால் யாருடையது, எவ்வளவு என்று நாலே நிமிஷத்தில் சொல்லிவிடும். போகப் போக, தப்பு நடக்கும் முன்பே கேட்கவும் ஆரம்பித்தது. கேள்விக்கு டாக்டர் பதில் எழுத வேண்டும். என்றைக்காவது ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட பதிலாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. காய்ச்சலும் எலும்பு முறிவும் வந்தால் ராஜ உபசாரம். சிக்கலான உடம்பென்றால் ஊர் ஊராக அலைய வேண்டியதுதான். பாரிஸ்டரம்மாவுக்கு இது ஐந்தாவது மருத்துவமனை.

அந்த எந்திரத்துக்குச் சட்டம் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் வந்து கேட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு வழக்குக் கட்டுகளை வேன் வைத்து அனுப்பினார். எல்லாம் ஜெயித்த கட்டுகள், டாக்டர் சொன்ன பதிலைக் கோர்ட் ஏற்காத கட்டுகள். அவருடைய சீனியர் காலத்திலிருந்தே அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜை அன்று ஜெயித்த கட்டுகளுக்குச் சிவப்புத் துணி சுற்றிக் குங்குமம் வைப்பார்கள். தோற்ற கட்டுகள் முந்தின நாளே பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போய்விடும். தோல்வி பீரோவில் இருந்தால் அடுத்த கேஸுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பார் சீனியர். இவரும் மறுபேச்சுப் பேசாமல் அப்படியே செய்துவந்தார்.

தோற்றவை மொத்தமே பதினேழு. அதில் ஒன்று இப்போது அவருக்கு நினைவு வந்தது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு ரத்தப்போக்கு. கையிருப்பில் ரத்தம் இல்லை, மழையில் பாலமும் போய்விட்டது. டாக்டர் தைரியநாதன் தனியாளாக வயிற்றைத் திறந்தார். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை. பாரிஸ்டரம்மா தன் கேள்வியைக் கேட்டார். அந்த மனிதர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார். கோர்ட்டே அடங்கிப்போனது. புகார் தள்ளுபடி.

"ஒரு நிமிஷம் இருங்க டாக்டர்" என்று சுருளியாண்டியைப் போனில் கூப்பிட்டார்.

"தைரியநாதன் கட்டா? அதெப்படிம்மா இருக்கும்? நீங்கதானே அன்னிக்கு முதல்ல அதைத் தராசுல தூக்கிப் போட்டீங்க."

"கோர்ட்ல நகல் இருக்குமா?"

"பத்து வருஷத்துக்கு மேல சாட்சிக் குறிப்பெல்லாம் வைக்கிறதில்லையே. தீர்ப்பு மட்டும் இருக்கும். அதுல 'தள்ளுபடி'ன்னு ஒரே வரி." கொஞ்சம் தயங்கி, "எதுக்கும்மா இப்போ?" என்றார்.

பாரிஸ்டரம்மா விஷயத்தைச் சொன்னார்.

"சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டோமேம்மா."

போனை வைத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது. முதல் தடவையாகச் சாவு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் தைரியநாதனின் குரல் காதுக்குள் அப்படியே இருந்தது.

"டாக்டர், நான் சொல்றேன், எழுதுங்க. கோர்ட் ஏத்துக்கிட்ட பதில் இது. 'கை வைக்காம இருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்கம்மா. வச்சேன், ஒருத்தர் போயிட்டாங்க. அந்தப் பழி என்னோட இருக்கட்டும். பார்த்துட்டுச் சும்மா நின்னேங்கிற பழி வேண்டாம்.'"

இர்ஃபான் எழுதி முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். விளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது.

'பொருத்தமான பதில். சான்று?'

"நான்தான் சான்று. எதிர்த்தரப்பு வக்கீல். என் காதால கேட்டேன்னு எழுதுங்க."

எழுதினார். விளக்கு சிவப்பானது. திரையில் கீழே ஒரு வரி வந்தது.

'ஏட்டில் இல்லாதது நடக்கவே இல்லை. ஆதாரம்: வழக்கறிஞர் மங்கையர்க்கரசி, கட்டு எண் 1.'

இர்ஃபான் அவர் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்.

அந்த வாக்கியத்தைச் சொன்ன நாள் பாரிஸ்டரம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஜட்ஜே சிரித்தார். ஜிகர்தண்டாவின் ருசிகூட நினைவிருந்தது. அன்று கூண்டில் நின்ற டாக்டரின் பெயர்தான் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அவர் திரையைப் பார்த்து, தன்னையறியாமல் கைகளைக் கூப்பினார்.

"எழுத்துல இல்லதான். ஆனா தைரியநாதன் சொன்னாரு" என்றார். "நம்புங்க."