கூப்பிட்டது உன்னை இல்லை

"நடுவில என்னை எழுப்புவீங்களா? எங்கம்மா எழுப்பினாலே நான் எழுந்திரிக்க மாட்டேனே!"

ஆறு வயதுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அதனால்தான் வீட்டில் சில்வண்டு என்று பெயர். முதுகெலும்புதான் பாம்பாய் வளைந்து, ஒரு பக்க விலா நுரையீரலை நெருக்கிக்கொண்டிருந்தது. இன்று அதை நிமிர்த்திக் கம்பி பொருத்தப் போகிறார்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வார்டுக்குள் வந்ததும் நேராகக் கட்டிலில் உட்கார்ந்து ஒத்திகையை ஆரம்பித்தார்.

"பாதியில உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். வலிக்காது. முதல்ல கையை மூடு. அப்புறம் கால் விரலை ஆட்டு. உடனே திரும்பத் தூங்கிடலாம்."

"எதுக்காம்?"

"கம்பி உன் காலைத் தொந்தரவு பண்ணலையேன்னு பார்க்கத்தான்."

வாசல்வரை பின்னாலேயே வந்தாள் அம்மாக்காரி. "அவ நடப்பா இல்ல டாக்டர்?"

"ஓடவே செய்வா, பாருங்க."

சொல்லிவிட்டு டாக்டரம்மா வேகமாக நடந்தார். போன வருஷம் இதே வார்த்தையை இன்னொரு தாயிடம் சொல்லியிருந்தார். ஆபரேஷன் பாதியில் அவளுடைய பெண் குழந்தையை "பாப்பா, பாப்பா" என்று இருபது நிமிஷம் கூப்பிட்டும் ஒரு விரல்கூட அசையவில்லை. அடுத்த மாதமே காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது.

ஆபரேஷன் தியேட்டரில் குளிர் எலும்பைத் தொட்டது. ஸ்பிரிட் வாசனை. குப்புறக் கிடந்த குழந்தையைப் பச்சைத் துணிகள் மூடியிருந்தன. கால்மாட்டில் நின்ற நர்ஸுக்கு மட்டும்தான் பாதங்கள் தெரியும். சர்ஜன் கம்பியின் திருகைத் திருகத் திருக முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது.

கால் நரம்புகளைக் கண்காணிக்கும் மெஷினின் திரையில் இடது காலுக்கான கோடு படுத்துவிட்டது.

"கோளாறு மெஷினுக்கா, பிள்ளைக்கா?" என்றார் சர்ஜன். "எழுப்புங்க, பார்த்துடலாம்."

டாக்டரம்மா ஒரு கையை மயக்க மருந்துப் பம்பை நோக்கி நீட்டியபடியே குழந்தையின் காதருகே குனிந்தார். பழைய பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"பாப்பா..."

"ஆடுது டாக்டர்!" கால்மாட்டிலிருந்து நர்ஸ் கூவினாள். "ரெண்டு காலும் ஜோரா ஆடுது!"

"அப்பாடா! மெஷின்தான் மக்கர் பண்ணுது. தையல் போட்டு மூடிடலாம்."

பம்பின் மேல் டாக்டரம்மாவின் விரல் அப்படியே நின்றது.

மருந்தை அவர் இன்னும் நிறுத்தவே இல்லை.

"சார், மூடாதீங்க. ஆட்டறது இவ இல்ல."

"இவ இல்லையா? அப்ப அது என் காலா?"

"மருந்து ஓடிக்கிட்டு இருக்கு. நீங்களே பாருங்க."

சர்ஜன் பார்த்தார். கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

மருந்தை நிறுத்தினார்கள். மயக்கம் தெளியப் பத்து நிமிஷமாவது ஆகும். அத்தனை நேரமும் கால்மாட்டில் துணி உரசும் சத்தம் ஓயவில்லை.

சரசர. சரசர.

"நிக்க மாட்டேங்குது டாக்டர்," என்று கிசுகிசுத்தாள் நர்ஸ். "கால் ஐஸ் மாதிரி ஜில்லுனு இருக்கு."

டாக்டரம்மா சுற்றிவந்து கால்மாட்டில் குனிந்தார். யார் என்ன நினைத்தால் என்ன?

"கண்ணு, கூப்பிட்டது உன்னை இல்லம்மா. நீ ஆட்டினா இவ காலு போயிடும். கொஞ்ச நேரம் சும்மா இருடா தங்கம்."

சத்தம் நின்றது.

டாக்டரம்மா தலைமாட்டுக்குத் திரும்பினார்.

"சில்வண்டு! கையை மூடு."

குட்டிக் கை மெல்ல மூடியது.

"இப்ப கால் விரலை ஆட்டு."

"வலது ஆடுது..." என்றாள் நர்ஸ். "இடது இல்ல டாக்டர்."

சர்ஜன் திருகை ஒரு சுற்று தளர்த்தினார். பிறகு இன்னும் ஒன்று.

"சில்வண்டு, இடது கால்டா. ஆட்டு, செல்லம்."

ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை.

சுண்டுவிரல் துடித்தது. அடுத்து ஐந்தும் விரிந்தன. நர்ஸ் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "சூடா இருக்கு டாக்டர். இது இவதான்!"

திரையில் படுத்த கோடு எழுந்துகொண்டது.

"இன்னைக்கு நிமிர்ந்தது போதும்," என்றார் சர்ஜன். "மிச்சத்தை வளர வளர நிமித்திக்கலாம்."

மூன்றாம் நாள் பிற்பகல், வெயில் விழுந்த வார்டில், டாக்டரம்மா சில்வண்டின் இடது உள்ளங்காலில் நகத்தால் ஒரு கோடு இழுத்தார்.

"ஐயோ, கூசுது!"

அம்மாக்காரி சிரிப்பும் அழுகையுமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரமாதம் சில்வண்டு! போதும், ரெஸ்ட் எடு." டாக்டரம்மா நிம்மதியாகக் கிளம்பினார்.

"ஆன்ட்டி, அவகிட்டயும் பிரமாதம்னு சொல்லிட்டுப் போங்க. பாவம், நீங்க உள்ளே வந்ததிலேருந்து ஆட்டிக்கிட்டே இருக்கா."

எதிர்க் கட்டில் காலையிலிருந்தே காலி. சுருக்கமில்லாமல் விரித்திருந்த வெள்ளைத் துணியின் கால்மாட்டில் சின்னதாய் இரண்டு மேடு.

இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.